மிளகுக் கன்றுக்கு ஊத்தின தண்ணி

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டவங்களுக்கு என் வாய் தெரியாது போல. கெலிஓயாவுல இருந்து பஸ்ல வரும்போது யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், நல்ல வார்த்தை ஒண்ணும் வரல. அதனால நடந்ததைச் சொல்லிட்டுப் போறேன். இதே ஆராய்ச்சி நிலையத்துல, செடிக்குள்ள வாழுற பக்டீரியாவோட தான் என் வேலைக் காலம் பூரா போச்சு. உங்களுக்கும் இனி அதே வேலை. அந்த வேலையில ஒரு மனுசன் செடிக்குத் தண்ணி ஊத்தினாரு. ஊத்தினது நான் தான்னு வாய் திறந்து சொன்னாரு. சொன்ன பாவத்துக்கு அவரைத் தொலைச்சுக் கட்டினாங்க.

உங்கள்ல முக்காவாசிப் பேருக்குப் பாடம் தெரியும். இருந்தாலும் என் பாஷையில ஒரு தடவை கேளுங்க. நல்லா இருக்கிற ஒரு மிளகுக் கொடியோட வேரைக் கழுவி, வெளியில ஒட்டியிருக்கிறதை எல்லாம் சாகடிச்சிட்டு, உள்ள பார்த்தா அங்கயும் பக்டீரியா குடியிருக்கும். நோய் ஒண்ணும் குடுக்காது. செடி சௌகரியமா இருக்கிற வரைக்கும் தின்னுட்டுச் சும்மா கிடக்கும். மழை நின்னு மண் காய ஆரம்பிச்சதும் செடி பதறும். எத்திலீன்னு ஒரு வாயு அதுக்குள்ள உண்டாகும். அது கூடிப் போனா வேர் வளர்றது நிக்கும், இலை பழுத்துக் கொட்டும். அந்த நேரத்துல இந்தப் பக்டீரியாவுல சில இனம், அந்த வாயுவுக்கு மூலமா இருக்கிற பொருளையே எடுத்துத் தின்னுடும். வாயு குறையும், செடியோட பதற்றமும் குறையும், வேர் இன்னும் கொஞ்சம் கீழ இறங்கித் தண்ணி தேடும்.

கேக்க நல்லா இருக்கில்ல? எல்லா இனமும் அப்படிச் செய்யாது. செய்யிற இனமும் எல்லா நேரமும் செய்யாது. தவிப்பு ரொம்ப முத்திப் போனா, அதுவரைக்கும் உதவினதே செடிக்கு எதிரியாத் திரும்புறதும் உண்டு. எது எதுவரைக்கும் கைகொடுக்கும்னு தெரிஞ்சுக்கணும்னா செடியை நாமளே தவிக்க விடணும். பக்கத்துல நின்னு பார்க்கணும், தண்ணி குடுக்கக் கூடாது. இதுக்கு நாங்க வச்ச பேரு ‘வாட விடுறது’. இரக்கமில்லாத வேலை தான். யாருக்காவது பிடிக்கலைன்னா இப்பவே வேற பிரிவு கேட்டுப் போயிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.

இப்ப ரிஸ்வானைப் பத்திச் சொல்றேன். எங்க ஆய்வுகூடத்துல வெளிக்கள உதவியாளர். அலவத்துகொட ஆளு. வருசா வருசம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்துல தான் வேலை செஞ்சாரு. நிரந்தரமாக்குறோம் நிரந்தரமாக்குறோம்னு சொல்லியே அவருக்கு நரை விழுந்துடுச்சு. அவங்க ஊர்ல ஒரு கடும் வெயில்ல சுத்தியிருந்த தோட்டமெல்லாம் காஞ்சு கிடந்தப்ப ஒரே ஒரு மிளகுக் கொடி பச்சையா நின்னுச்சு. அந்தக் கொடிக்குள்ள இருந்து தான் நாங்க எங்க பக்டீரியா இனத்தைப் பிரிச்செடுத்தோம். அதுல ஏதாவது தேறி வந்தா அந்த வருசம் அவரு வேலை நிரந்தரமாகும்னு டிரெக்டர் வாயாலேயே சொல்லியிருந்தாரு. அவரு ஊர்க்காரங்களும் பழைய கொடி எல்லாம் பட்டுப் போய், புதுசா நடுறதுக்கு நல்ல கன்றுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

பொலித்தீன் கூடாரத்துக்குள்ள, மண் பையில நட்ட கன்றுகளை வரிசையா வச்சோம். பாதிக்கு எங்க பக்டீரியா குடுத்தது, பாதிக்குக் குடுக்காதது. எது எதுன்னு பைக்குக் கீழ தான் அடையாளம். வேர் பிடிச்சு நல்லா இலை விட்டதும் தண்ணியை நிறுத்தினோம். உள்ள வர்றவங்க எல்லாம் ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டுப் போவாங்க. காவலுக்கு நின்ன ஐயா ஒருத்தரு, புத்தர் படத்துக்கு முன்னால வைக்கிற தண்ணிக் குவளையோட வந்து எட்டிப் பார்த்தாரு, நான் விரட்டிவிட்டேன். வெளி ஆளுங்களைத் தான் நான் சந்தேகப்பட்டேன். ரிஸ்வானைப் பத்தி எனக்கு ஒரு நினைப்பும் வரல.

அது நோன்பு மாசம். கண்டி வெயிலு அந்த வருசம் மண்டையைப் பிளந்துச்சு. அவரு காலையில இருந்து பொட்டுத் தண்ணி இல்லாம அந்தக் கூடாரத்துக்குள்ள நின்னு இலையை அளந்துக்கிட்டு இருப்பாரு. உதடெல்லாம் வெடிச்சிருக்கும். நான் கொஞ்சம் வெளிய உக்காருங்கன்னு சொன்னா, ‘பரவால்ல மிஸ், பழகிட்டு’ன்னு சிரிப்பாரு.

கொஞ்ச நாள்ல கன்றுகள் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. பைக்கு அடியில அடையாளத்தைப் பார்த்தா, பக்டீரியா குடுத்ததுல பெரும்பாலானது பச்சையா நிமிர்ந்து நிக்குது, குடுக்காதது முக்கால்வாசி சுருண்டு போச்சு. டிரெக்டர் வந்து பார்த்தாரு, துள்ளிக் குதிக்காத குறை. ஃபோனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடிச்சாரு. உரம் கிடைக்காம விவசாயிங்க பட்ட பாட்டுக்குப் பிறகு, மேல இருக்கிறவங்களுக்கு உள்ளூர்ல கண்டுபிடிச்சது ஒண்ணு அவசரமாத் தேவைப்பட்டுச்சு. இவரு கையில அது வந்து விழுந்துடுச்சு.

எழுதி வச்சுக்கோங்க பிள்ளைங்களா, முடிவு இவ்வளவு அழகா வந்தா சந்தோசப்படாதீங்க, பயப்படுங்க. உயிருள்ள எதுவும் இவ்வளவு ஒழுங்கா நடந்துக்காது. எல்லாரும் போனதுக்கு அப்புறம் பச்சையா நின்ன பை ஒண்ணைக் கிழிச்சு அடி மண்ணை விரலால நோண்டினேன். ஈரம். இன்னொண்ணு கிழிச்சேன். ஈரம். சுருண்டு கிடந்ததைக் கிழிச்சேன், புழுதி.

ரிஸ்வான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிட்டாரு.

“மிஸ், நான் தான் ஊத்தின.”

“என்னது?”

“வீட்ட போக முந்தி கொஞ்சம் கொஞ்சம் ஊத்தின. பாத்துக்கொண்டு ஈக்க ஏலாம போச்சு மிஸ்.”

எனக்கு மூக்கு மேல கோபம். “உங்களுக்கு என்ன பைத்தியமா? எத்தனை வருசமா இந்த வேலை செய்யிறீங்க? வாட விட்டுத் தானே பார்க்கணும்? நீங்க நோன்பு பிடிக்கிறீங்களே, அந்த மாதிரி இதுக்கும் நோன்புன்னு நினைச்சிருக்கக் கூடாதா?”

அவரு கிழிஞ்ச பையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: “என்ட நோன்பு அந்திக்கு மஃரிப் பாங்கு சொன்னா முடியிது மிஸ். இதுகள்ட நோன்பு முடியிறல்ல தானே.”

அதுக்கு மேல திட்ட எனக்கு மனசு வரல.

“எல்லாத்துக்கும் ஊத்தினீங்களா?”

“இல்ல. உசிர் ஈக்கிறதுக்கு மட்டும். செத்ததுக்கு ஊத்தி என்ன வேல?”

இந்த இடத்தை நல்லா விளங்கிக்கோங்க. பக்டீரியா குடுத்த கன்று, மத்ததை விடக் கொஞ்சம் தெளிவா நின்னிருக்கலாம். கொஞ்சம் தான். இவரு கண்ணுக்கு அது உசிர் இருக்கிறதாத் தெரிஞ்சு, அதுக்குத் தண்ணி ஊத்தியிருக்காரு. அது இன்னும் தெளிஞ்சுச்சு, மறுநாளும் அதுக்கே ஊத்தினாரு. பக்டீரியா காட்டின சின்ன வித்தியாசத்தை இவரு தண்ணி பெருசாக்கிடுச்சு. இல்லாட்டி, பக்டீரியா ஒண்ணுமே செய்யாம, தற்செயலா நிழல் பக்கம் இருந்ததால அந்தக் கன்று நின்னதா, அதையும் சொல்ல முடியாது. மொத்தத்துல அந்தச் சோதனை செத்துப் போச்சு. குத்தம் பண்ணணும்னு யாரும் நினைக்கல. தவிக்கிற உயிருக்குத் தண்ணி குடுத்தா நன்மைன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவரு, நாக்கு வறண்டு நிக்கிற நேரம், கையில வாளியோட நின்னாரு. அவரை அந்த மாசம் அந்தக் கூடாரத்துக்குப் போட்டதே நிலையம் செஞ்ச மடத்தனம்.

“டிரெக்டர்கிட்ட சொல்லணும்”னு சொன்னேன்.

“நானே செல்றன் மிஸ். எனக்கு வேலை போகுமா?”

“போகாது. ஒளிச்சாத் தான் போகும். அடுத்த வெயிலுக்குத் திருப்பிச் செய்வோம், ஒரு வருசம் தள்ளிப் போகும், அவ்வளவு தான்.” நான் அப்படித் தான் நம்பினேன். அந்த நிலையத்துல அத்தனை வருசம் இருந்தும் நம்பினேன் பாருங்க.

டிரெக்டர் யாரு, எந்த இனம்னு கேக்காதீங்க. அந்தப் பதவிக் கதிரைக்கு இனம் கிடையாது. நாங்க ரெண்டு பேரும் சொன்னதைக் கேட்டுட்டு, ‘ஹரி ஹரி’, சரி சரின்னு தலையை ஆட்டினாரு. அப்புறம், “கொஞ்சம் தண்ணி தானே மிஸ்? எவ்வளவுன்னு அளந்தீங்களா? யாரும் கண்ணால பார்த்தாங்களா? நீங்க விஞ்ஞானி, பொலிஸ் இல்ல”ன்னாரு. இந்தக் கன்றை விவசாயிங்களுக்குக் குடுக்கிற வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிச்சாச்சாம். பெரிய ஆள் வர்றாராம்.

நான் விடல. முழு ஆய்வுக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன், பை மண் ஈரமா இருந்துச்சு, இந்த முடிவு செல்லாது, இன்னும் ஒரு வெயில் காலம் வேணும்னு. படிச்சவங்க, பட்டம் வாங்கினவங்க, என் கூட ஒண்ணாச் சாப்பிட்டவங்க எல்லாம் அந்த அறையில இருந்தாங்க. ஒருத்தர் தேத்தண்ணியைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு. ஒரு அம்மா கைப்பையில எதையோ தேடினாங்க. சோதனையில ஈரம் இருந்தா என்ன அர்த்தம்னு தெரியாத ஆளு அதுல ஒருத்தரும் இல்ல.

அப்ப ரிஸ்வான் எந்திரிச்சாரு. ஒப்பந்த ஆள், அந்தக் கூட்டத்துல பேசுறதுக்கே அவருக்கு இடமில்ல. சுவரோரம் நின்னவரு முன்னால வந்து, நல்ல சிங்களத்துல, தெளிவாச் சொன்னாரு: “சேர், தண்ணி ஊத்தினது நான். மிஸ் சொல்றது உண்மை. இந்தக் கன்றை நம்பி எங்க ஊர்ல நட்டா ஆளுங்க நட்டப்படுவாங்க.”

டிரெக்டர் சிரிச்சாரு. “ரிஸ்வான், நீங்க நோன்புக் களைப்புல இருந்தீங்க. ஞாபகம் சரியா இருக்காது. போய் உக்காருங்க.”

நாலைஞ்சு பேர் சிரிச்சாங்க. கூட்டம் அதோட முடிஞ்சுது. அந்தச் சிரிப்பு இன்னைக்கும் என் காதுல கேக்குது.

விழா நடந்துச்சு. வாழை கட்டி, குத்துவிளக்கு ஏத்தி, படம் எடுத்து எல்லாம் முடிஞ்சுது. பக்டீரியா குடுத்த மிளகுக் கன்றை லொறி லொறியா ஏத்தி ஊர் ஊராக் குடுத்தாங்க. அலவத்துகொடவுக்கு முதல்ல போச்சு, கொடி அங்க கிடைச்சதுன்னு பேருக்காக. மேடையில ஒருத்தரு, “இனிமே வெயிலுக்குப் பயப்படத் தேவையில்ல, தண்ணி ஊத்தத் தேவையில்ல, உள்ள இருக்கிறது பார்த்துக்கும்”னு பேசினாரு. அந்த ஒரு பேச்சு தான் ஊரைக் கெடுத்துச்சு. இத்தனைக்கும் நாற்றுமேடையில காலையும் மாலையும் தண்ணி குடிச்சு வளர்ந்த கன்றுங்க அது. சொகுசா வளர்ற செடி உள்ள இருக்கிற பக்டீரியாவைக் கண்டுக்கவும் செய்யாது. பக்டீரியா அதுல நிலைச்சிருந்துச்சான்னே யாரும் வெட்டிப் பார்க்கல.

ரிஸ்வான் சும்மா இருக்கல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வர்றவங்களை நிறுத்தி, “கன்றை நடுங்க, ஆனா தண்ணியை நிப்பாட்டாதீங்க, அடியில சருகு போட்டு மூடுங்க”ன்னு சொல்லியிருக்காரு. யாரும் காதுல போட்டுக்கல. ‘தான் வேலை செய்யிற எடத்துச் சாமானத்தையே கொற செல்ற’ன்னு கிண்டல் பண்ணியிருக்காங்க.

அடுத்த வெயில் வந்துச்சு. தை பிறந்து மழையே இல்ல. ஒரு நாள் ரிஸ்வான் வந்து கூப்பிட்டாரு, நானும் அவரோட போனேன். மாத்தளை ரோட்டுல இறங்கி மேல ஏறினா, தோட்டத்துக்குத் தோட்டம் மரத்தடியில கன்று காஞ்சு நிக்குது. நஸீர் நானான்னு அவரு அண்ணன் முறை வச்சுக் கூப்பிடுற பக்கத்து வீட்டுக்காரரு, பிள்ளையோட கல்யாணத்துக்கு முன்ன மிளகு காய்ச்சிடும்னு நம்பி, மிச்சம் இருந்த பழைய கொடியையும் பிடுங்கிட்டு இந்தக் கன்றையே நட்டிருந்தாரு. ஒரு கன்றைப் பிடுங்கி என் முகத்துக்கு நேர நீட்டினாரு.

“இதுக்குள்ளுக்கு பக்டீரியா ஈக்கின்டு தானே செல்லித் தந்த? அது இப்ப எங்க போன மிஸ்?”

அவரு என்னை அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. ரிஸ்வான் பக்கம் திரும்பி, “நீங்களும் அங்க தானே வேல செய்ற, எங்கள எல்லாம் பலி குடுத்திட்டீங்க”ன்னு சொன்னாரு. ரிஸ்வான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரு சொன்னது அங்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

ஊர்க்காரங்க குடுத்த முறைப்பாடு மேல போச்சு. கொழும்புல இருந்து விசாரிக்க வந்தாங்க. அதே அறை, அதே ஆளுங்க. டிரெக்டர் கையைக் கட்டிக்கிட்டு ரொம்பக் கவலையாச் சொன்னாரு: “எங்க சோதனையை ஒரு ஒப்பந்த ஊழியர் கெடுத்துட்டாரு. அனுமதி இல்லாமத் தண்ணி ஊத்தியிருக்காரு. எல்லார் முன்னாலயும் அவரே ஒத்துக்கிட்டாரு. இங்க இருக்கிறவங்களைக் கேளுங்க.”

கேட்டாங்க. அத்தனை பேரும் தலையை ஆட்டினாங்க. ஆமா, சொன்னாரு, நாங்க கேட்டோம்னு. அன்னைக்கு ஒரு வார்த்தை வராத வாயெல்லாம் இன்னைக்கு எவ்வளவு சுத்தமாப் பேசுது!

நான் கத்தினேன். “அன்னைக்கு ஞாபகம் சரியில்லைன்னு உக்கார வச்சீங்களே, இன்னைக்கு அவரு சொன்னதே சாட்சியா? கெட்டுப் போன சோதனைன்னு தெரிஞ்சே லொறியில ஏத்தினது யாரு?” வந்தவங்கள்ல ஒருத்தரு, “மேடம், கொஞ்சம் உணர்ச்சிவசப்படாம”ன்னாரு. அவ்வளவு தான். ரிஸ்வானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. எனக்குக் கடைசி வருசம் ஆய்வுகூடம் இல்லாத ஒரு அறை குடுத்தாங்க, ஒரு மேசையும் கதிரையும் மட்டும். எங்க பக்டீரியா இனத்தை வச்சிருந்த குளிர்ப்பெட்டியைத் துப்புரவு பண்ணச் சொன்னாங்க, குழாய்களை எல்லாம் கொதிக்க வச்சுக் கொட்டிட்டாங்க. தோத்துப் போன சாமான் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு கேட்டாங்களாம். டிரெக்டர் இப்ப இதை விடப் பெரிய கதிரையில இருக்காரு.

போன மாசம் கண்டி மார்க்கட்டுக்குப் போனேன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போற வழியில ஒரு பழக்கடையில ரிஸ்வான் நின்னாரு. யாரோட கடையோ, கூலிக்கு நிக்கிறாரு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார வச்சாரு. ஊர்ல சிலர் இன்னும் இவரு சொல்ற ஸலாமுக்குப் பதில் சொல்றதில்லைன்னு சொன்னாரு, அதையும் சிரிச்சுக்கிட்டுத் தான் சொன்னாரு. நான் எந்திரிக்கும்போது கேட்டாரு:

“மிஸ், ஒண்டு கேக்கவா? உண்மையா அந்த பக்டீரியா வேல செஞ்சதா?”

“தெரியல ரிஸ்வான்.”

“இல்ல, எனக்காகச் செல்ல வாணம். நான் ஊத்தாட்டி அந்தக் கன்று நின்டிருக்குமா?”

“நிஜமாவே தெரியல. நின்னிருக்கலாம். இன்னும் ஒரு வெயில் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப அந்த இனமும் இல்ல. இனி யாருக்கும் தெரியப் போறதில்ல.”

அவரு தோடம்பழத்தைத் துடைச்சுத் துடைச்சு அடுக்கினாரு. நான் திட்டினாலோ, ஆமா நீங்க தான் கெடுத்தீங்கன்னு சொன்னாலோ கூட அவருக்கு ஆறுதலா இருந்திருக்கும். தெரியாதுங்கிறது தான் அவரைத் தின்னுது. என்னையும் தின்னுது.

இதுல பாடம் என்னன்னு கேப்பீங்க. தப்பு நடக்கும். வாளியோட நிக்கிறவன் மனுசன், அவனுக்கு இரக்கம் வரும், அதைத் திருத்தலாம், ஒரு வருசத்துல திருத்தியிருக்கலாம். நான் ஒருத்தி பேசினா ‘வாய்க்காரி’ன்னு தள்ளிடலாம், அவரு பேசினா ‘ஒப்பந்த ஆள்’னு தள்ளிடலாம். அந்த மேசையைச் சுத்தி இருந்தவங்கள்ல இன்னும் ஒரே ஒருத்தர், ‘ஆமா, திருப்பிச் செய்வோம்’னு சொல்லியிருந்தாப் போதும். அந்த மூணாவது ஆளா இருக்கிறதுக்குத் தான் உங்களைச் சம்பளம் குடுத்து எடுத்திருக்காங்க. மத்த வேலையெல்லாம் மெஷின் செய்யும்.

என் பேச்சு அவ்வளவு தான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். அன்னைக்கு ஏன் யாரும் வாய் திறக்கலைங்கிறது மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதை முன் வரிசையில இருக்கிற உங்க மேலதிகாரிங்ககிட்ட கேளுங்க. அவங்க அந்த அறையில தான் இருந்தாங்க.